பழியும் முறையும்: நாடுகளின் கொலைக் கணக்கு வேறுபடுவது ஏன்?

மனிதனை மனிதன் கொல்லுதல் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் நிகழ்ந்து வருவது. கொலையே அறியாத சமுதாயம் என ஒன்றை வரலாறு நமக்குக் காட்டவில்லை. எனினும் அஃது எல்லா இடத்தும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஓராண்டில் ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை பேர் கொல்லப்படுகின்றனர் எனக் கணக்கிடுவது ஆய்வாளர் வழக்கம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஜப்பானில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. நான்கைந்து லட்சம் பேருக்கு ஒருவர் என்னும் அளவே காணப்படுகிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் லட்சத்துக்கு 2.1 என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த எண். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதே ஆண்டில் அது ஆறுக்கும் மேல். நடு அமெரிக்காவின் சிறு நாடான எல் சால்வடாரில் 2015ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேல். உலகச் சராசரி 2021இல் 5.8 என ஐக்கிய நாடுகள் அவையின் ஆய்வு கூறுகிறது. ஜப்பானின் எண்ணுக்கும் எல் சால்வடாரின் அன்றைய எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ நானூறு மடங்கு வேறுபாடு.

பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என நம் வட்டத்தின் மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழ் படிப்பிக்கும் ஒருத்தி இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருந்துமா என்ற தயக்கம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் பழிவாங்குதலைப் பேசாத பேரிலக்கியம் எந்த மொழியிலும் அரிது. அன்றியும், இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்பவர் புள்ளிவிவரப் பட்டியல்களைக் கடந்து பழைய சாவுப் பதிவேடுகளுக்கும் பழங்கதைகளுக்குமே வந்து சேர வேண்டியிருக்கிறது.

இவ்வினாவை எழுப்பியவுடன் பலர் நாவிலும் வரும் விடைகள் இரண்டு. ஒன்று, 'அந்த நாட்டு மக்களின் இயல்பே அப்படி' என்பது. மற்றொன்று வறுமை. இரண்டும் எளிதில் வீழ்ந்துவிடுகின்றன. சராசரி இந்தியனின் வருவாய் சராசரி அமெரிக்கனின் வருவாயில் ஒரு சிறு பங்கே. ஆயினும் கொலை விகிதம் இங்கு மூன்றில் ஒன்றாக இருக்கிறது. வறுமையைவிட ஏற்றத்தாழ்வு கூடுதலாகப் பொருந்தும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். செல்வ இடைவெளி மிகுந்த நாடுகளில் கொலையும் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அது தனித்து நின்று விளக்குவதில்லை. மக்கள் இயல்பு என்னும் விடையோ இன்னும் வலுவற்றது. ஒரே மண்ணில், ஒரே மரபில் வந்த மக்களிடையே இவ்விகிதம் காலந்தோறும் பெரிதும் மாறியிருக்கிறது. இந்தியாவிலேயே 1990களின் தொடக்கத்தில் லட்சத்துக்கு நான்குக்கு மேல் இருந்த எண் முப்பது ஆண்டுகளில் பாதியாகியிருக்கிறது. இயல்பு அத்தனை விரைவில் மாறுமா?

இவ்வாராய்ச்சியில் கொலையை மட்டும் தேர்ந்தெடுத்து அளப்பதற்குக் காரணம் உண்டு. திருட்டு, அடிதடி போன்றவை நாட்டுக்கு நாடு வேறு வேறாக வரையறுக்கப்படுபவை. பல பதிவாவதே இல்லை. பிணத்தை மறைப்பது கடினம். ஆகவே நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சமுதாயத்தின் வன்முறையை அறிய எஞ்சியிருக்கும் நம்பத்தகுந்த அளவுகோல் கொலையே என்பர். இவ்வளவுகோலிலும் குறைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கட்டுரையின் இறுதியில் விரிவாகக் காண்போம்.

இனி, ஓர் ஊரின் கதையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டில் 'கொரோனர்' என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. இயற்கைக்கு மாறான சாவு எங்கு நிகழ்ந்தாலும் இவ்வதிகாரி அங்குச் சென்று, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, பிணத்தைப் பார்வையிட்டு, யார், எங்கு, எதனால் கொன்றார் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். இறந்தவர்பால் அரசனுக்கிருந்த பரிவினால் பிறந்த பதவி என்று இதை எண்ணிவிடக்கூடாது. கொலையாளியின் உடைமை அரசுக்குரியது; கொன்ற கத்தியின் விலையும் அரசனையே சேரும். ஆகவே கத்தி இத்தனை பென்னி பெறும் என்று மதிப்பிட்டு எழுதும் கணக்கர் மனமே இப்பதிவேடுகளில் பேசுகிறது. வருவாய்க்காக எழுதிய ஏடு ஆறு நூற்றாண்டு கழித்து வரலாற்றாசிரியர்களுக்குப் புதையலாயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் 1340களுக்குரிய இவ்வேடுகள் எஞ்சியுள்ளன. அன்று அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஏழாயிரம். அங்கு நிகழ்ந்த கொலைகளை எண்ணி விகிதம் கண்டவர்கள் திகைத்தனர். ஒரு கணிப்பு லட்சத்துக்கு நூற்றுக்கு மேல் என்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மானுவேல் ஐஸ்னர் தலைமையிலான ஆய்வுக்குழு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பு 60 முதல் 75 வரை என்கிறது. இக்குறைந்த மதிப்பீட்டைக் கொண்டாலும், அதே காலத்து இலண்டனையும் யார்க் நகரத்தையும்விட நான்கைந்து மடங்கு மிகுதி. கொன்றவர் யார் எனத் தெரிந்த நிகழ்ச்சிகளில் நான்கில் மூன்று பங்கு கொலையாளிகள் 'கிளெரிகஸ்' எனக் குறிக்கப்படுகின்றனர். அந்நகரில் அச்சொல் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்களைக் குறிப்பது. கொலையுண்டவர்களிலும் ஏறத்தாழ அதே பங்கினர் அவர்களே. மாணவர்கள்! தருக்கமும் இறையியலும் கற்க வந்தவர்கள்! கல்லூரி ஆசிரியர்கள் தத்தம் மாணவர்களின் ஒழுங்கீனத்தை நொந்துகொள்ளும்போது இச்செய்தியை நினைத்துக்கொண்டால் சற்று ஆறுதல் பெறலாம்.

இக்கொலைகள் பெரும்பாலும் சதித்திட்டங்கள் அல்ல. பதினான்கு முதல் இருபத்தொரு வயது வரையுள்ள இளைஞர், வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவர், இடையில் கத்தி, மாலையில் மதுக்கடை. வடநாட்டு மாணவர், தென்னாட்டு மாணவர் எனக் கட்சி. ஒரு சொல் தடித்துவிடும். சொல்லுக்குச் சொல், பின் கத்தி. 1355ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் 'ஸ்விண்டில்ஸ்டாக்' என்னும் மதுக்கடையில், ஊற்றிய மது நன்றாயில்லை என்று மாணவர் சிலர் கடைக்காரரோடு வாதிட்டு, மதுவையும் கலத்தையும் அவர் தலைமீது எறிந்தனர். மூன்று நாள் கலவரத்தில் மாணவர் தரப்பில் அறுபத்து மூவரும் நகரத்தார் தரப்பில் முப்பதின்மர் வரையிலும் மாண்டனர் எனச் சொல்லப்படுகிறது. அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். ஆண்டுதோறும் அந்நாளில் நகரத் தலைவரும் நகரப் பெருமக்களும் தேவாலயத்திற்கு வந்து ஆளுக்கொரு பென்னி காணிக்கை செலுத்திக் கழுவாய் தேட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவ்வழக்கம் 1825ஆம் ஆண்டு வரை நீடித்தது.

அக்காலத்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. சட்டத்தில் கடுமைக்குக் குறைவே இல்லை. நடைமுறையோ வேறு. கொன்றவர்களில் மிகப் பலர் ஓடிப்போயினர். தேவாலயத்துள் புகுந்து அடைக்கலம் கேட்டவருக்கு நாற்பது நாள் காப்பு. பின்பு நாட்டை விட்டு நீங்குவதாக ஆணையிட்டுச் சென்றுவிடலாம். பிடிபட்டு முறைமன்றத்தில் நின்றவர்களிலும் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். தம் ஊரானைத் தூக்குக்கு அனுப்ப அவ்வூர்ச் சான்றோர்க்கு மனம் வரவில்லை. மாணவர்க்கோ கூடுதல் பாதுகாப்பு. சமயப் பணியாளர் என்னும் தகுதியால் அவர்களை அரசன் மன்றம் தூக்கிலிட முடியாது. ஆயரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆக, ஒருவன் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை முறைமன்றத்திற்குக் கொண்டு சென்றால் பயன் கிட்டும் என நம்புவதற்கு இடமே இல்லாதிருந்தது. கத்தி இடையில் இருந்தது.

இங்கு நம் மொழியின் ஒரு சொல்லை நினைவுகூரத் தோன்றுகிறது. 'பழி' என்பது நம்மீது வந்து விழும் இழிவையும் குறிக்கும். அவ்விழிவைத் துடைக்க நாம் பிறர்மீது செய்யும் கொடுமையையும் குறிக்கும். பழி சுமந்தவன் பழி வாங்குகிறான். ஒரே சொல்லுக்குள் நோயும் அந்நோய்க்கு மருந்தென மயங்கிக் கொள்ளப்படும் நஞ்சும் இருக்கின்றன. தன் மானத்தைக் காக்கத் தன்னையன்றி வேறெவரும் இல்லை என்ற நிலையில் வாழ்பவனுக்குச் சிறு ஏளனத்தையும் பொறுத்துக்கொள்ள இயலாது. பொறுத்தவன் எளியவன் எனப் பெயர் பெறுவான். எளியவனின் ஆட்டையும் நிலத்தையும் நாளை வேறொருவன் கவர்வான். வெளியிலிருந்து பார்க்கும் நமக்குச் 'சொற்பக் காரணத்துக்காகக் கொலை' எனத் தோன்றுவது அவர்களுக்கு வாழ்வுரிமைப் போராட்டம்.

டெட் ராபர்ட் கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பழைய எண்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் லட்சத்துக்கு இருபது அளவில் இருந்தது, இருபதாம் நூற்றாண்டில் ஒன்றாகக் குறைந்திருந்தது. ஐஸ்னர் 2003இல் ஐரோப்பாவின் பிற பகுதிகளையும் சேர்த்துக் கண்டார். நெதர்லாந்து முன்னதாகவும், ஸ்காண்டிநேவிய நாடுகள் பின்னதாகவும், இத்தாலி மிகப் பிந்திப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதே சரிவில் இறங்கின. மருத்துவம் வளர்ந்ததால் காயம்பட்டோர் பிழைத்துக்கொண்டனர் என்பது ஓரளவுக்கே உண்மை. அறுவையில் கிருமி நீக்கும் முறை வந்தது 1860களில்; சரிவு தொடங்கியதோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன். தண்டனையின் கடுமையும் காரணமன்று. இங்கிலாந்து 1965இல் கொலைக்குரிய தூக்குத் தண்டனையைக் கைவிட்டது. தூக்குமரம் நின்றிருந்த பதினான்காம் நூற்றாண்டின் விகிதம் திரும்பி வந்துவிடவில்லை.

இச்சரிவுக்கு விளக்கம், சரிவு கண்டறியப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது வியப்புக்குரியது. ஜெர்மானிய யூதரான நார்பர்ட் எலியாஸ், நாஜிகளுக்குத் தப்பி இலண்டனில் தங்கி எழுதிய பெருநூல் 1939ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது. வன்முறை செய்யும் உரிமையை அரசு ஒன்றே தன்கையில் எடுத்துக்கொண்டதும், வாணிகத்தாலும் அரசவை வாழ்வாலும் மக்கள் ஒருவரையொருவர் சார்ந்து நிற்க நேர்ந்ததும், சினத்தை அடக்கும் பழக்கத்தை நூற்றாண்டுகளாகப் பயிற்றுவித்தன என்பது அவர் கருத்து. உணவு மேசையில் கத்தியை எவ்வாறு பிடிக்க வேண்டும் என்று கூறும் பழைய ஒழுக்க நூல்களைக்கூட அவர் சான்றாக்கினார். போர் மூண்ட ஆண்டில் வந்த நூலைப் படிப்பார் இல்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தே உலகம் அதைக் கண்டுகொண்டது. அதற்கிடையில் அவருடைய தாயார் நாஜிகளின் வதைமுகாமில் மாண்டார். வன்முறையைத் தன்கையில் எடுத்துக்கொண்ட அரசே கொலைகாரனாகும்போது அக்கொலைகள் எந்தக் கொலை விகிதத்திலும் ஏறுவதில்லை. போர்ச்சாவும் இனப்படுகொலையும் வேறு ஏட்டில் எழுதப்படுகின்றன. கொலை விகிதம் குறைந்த நாடு நல்ல நாடு என்று முடிவு கட்டுவோர் இதனை மறக்கலாகாது.

எலியாசின் கருத்தில் அரசின் வலிமை முதன்மை பெறுகிறது. வலிமை மட்டும் போதுமா, சட்டம் மட்டும் இருந்து வலிமை இல்லாதிருந்தால் என்னாகும் என்பதைக் காண ஐஸ்லாந்துக்குச் செல்ல வேண்டும். நார்வேயிலிருந்து கடல் கடந்து குடியேறிய மக்கள் 930ஆம் ஆண்டளவில் 'ஆல்திங்' என்னும் பேரவையை நிறுவினர். மன்னன் இல்லை, படை இல்லை, காவலர் இல்லை. சட்டம் மட்டும் இருந்தது, மிக நுட்பமாக இருந்தது. ஆண்டுதோறும் கோடையில் திறந்த வெளியில் கூடி வழக்குரைத்துத் தீர்ப்புப் பெறலாம். ஆனால் தீர்ப்பை நிறைவேற்றுவது வென்றவன் பொறுப்பு. எதிரி வலியவனாயின் தீர்ப்பு காற்றோடு போயிற்று. கொலைக்கு ஈடாக வெள்ளி கொடுத்து இணங்கிக்கொள்வதும், இணங்காதவனை எவரும் கொல்லலாம் எனச் சட்டக் காப்பிலிருந்து விலக்குவதுமே முறைமன்றத்தின் கையிலிருந்த கருவிகள்.

அக்காலத்து நிகழ்ச்சிகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிவைத்த உரைநடைக் காப்பியங்களில் தலைசிறந்தது நியாலின் கதை. நியால் சட்டமறிந்த சான்றோர், ஆயுதம் ஏந்தாதவர். அவருக்கும் குன்னாருக்கும் இணைபிரியா நட்பு. இருவர் மனைவியரும் விருந்தொன்றில் இருக்கை வரிசை பற்றிப் பகைத்துக்கொள்கின்றனர். ஒருத்தி ஏவ, மற்றவள் வீட்டு வேலையாள் கொல்லப்படுகிறான். குன்னார் ஈட்டு வெள்ளியை நியாலிடம் தருகிறார். அடுத்த முறை அந்தப் பக்கத்துக் கொலை; அதே வெள்ளி திரும்பி வருகிறது. இவ்வாறு பேரவை கூடுந்தோறும் ஈட்டுப்பணம் கைமாறிக்கொண்டேயிருக்க, கொல்லப்படுவோரின் தகுதி உயர்ந்துகொண்டே போகிறது. முதலில் வேலையாள், பின்பு உறவினர். இறுதியில் நியாலும் அவர் மனைவியும் மக்களும் வீட்டோடு எரிக்கப்படுகின்றனர். நாட்டில் அவரினும் சட்டமறிந்தார் எவருமில்லை. அச்சட்டத்தால் அவரைக் காக்க முடியவில்லை. (பகைக்கு மூலம் பெண்களே எனக் கதையாசிரியர் காட்டுகிறார். கத்தி பிடித்த கைகளெல்லாம் ஆண்களுடையவை என்பதை வாசகர் தாமே குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.) பெருங்குடிகளின் போரில் நாடு நைந்து, 1262ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தியர் நார்வே மன்னனைத் தலைவனாக ஏற்றனர்.

இன்று அந்நாட்டில் நான்கு லட்சத்திற்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்கின்றனர். ஒரு கொலைகூட நிகழாத ஆண்டுகள் அங்கு உண்டு. இன்றைய ஐஸ்லாந்தியரில் மிகப் பலர் தம் கால்வழியை அக்கதைமாந்தர் வரை எண்ணிச் சொல்லக் கூடியவர்கள். அந்தக் குருதியில் வந்தவர்களே இவர்கள். நாட்டு மக்களின் இயல்பு என்ற விளக்கத்தை இதற்கு மேலும் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நிலை வேறு வகையானது. அங்குச் சட்டமும் இருந்தது. அதை நிறைவேற்றும் அரசும் இருந்தது. ஆனால் அவை எல்லாருக்கும் உரியனவாக இல்லை. ராண்டால்ஃப் ராத் என்னும் வரலாற்றாசிரியர் நான்கு நூற்றாண்டுக் கொலைப் பதிவுகளைத் திரட்டி 2009இல் வெளியிட்ட நூலில் காட்டும் செய்தி இது: அரசு நிலையானது, அதிகாரிகள் நேர்மையானவர்கள், சக குடிமகன் தன்னவன் என்னும் நம்பிக்கை எங்கு, எப்போது தளர்கிறதோ அங்கு, அப்போது கொலை பெருகுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்கு மாநிலங்களின் சிற்றூர்களில் கொலை விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் (1861–65) பிந்திய தென் மாநிலங்களிலோ நிலை தலைகீழ். 1882 முதல் 1968 வரை கும்பல்களால் கொல்லப்பட்டோர் என டஸ்கீகி கல்வி நிறுவனம் பதிந்துவைத்தவர்கள் 4,743 பேர். அவர்களுள் 3,446 பேர் கறுப்பின மக்கள். ஊரே கூடிநின்று பார்த்த கொலைக்கும் 'பெயர் அறியப்படாதோர் கையால் மாண்டார்' என்றே கொரோனரின் தீர்ப்பு அமைவது வழக்கம். இங்கிலாந்தில் பிறந்த அப்பதவி கடல் கடந்து சென்று ஆற்றிய பணி இது. இம்முறைமன்றத்திற்கு ஒரு கறுப்பினத்தவர் தம் வழக்கைக் கொண்டு சென்றிருப்பார் என எதிர்பார்க்க முடியுமா? அவர்களிடையே எழுந்த பூசல்களையும் அவர்களே தீர்த்துக்கொள்ள விடப்பட்டனர்.

துப்பாக்கியைச் சொல்லாமல் அமெரிக்காவைப் பேச இயலாது. ஃபிராங்க்ளின் சிம்ரிங், கார்டன் ஹாக்கின்ஸ் என்னும் இருவர் 1997ஆம் ஆண்டு நூலில் நியூயார்க்கையும் இலண்டனையும் ஒப்பிட்டனர். திருட்டும் கன்னக்கோல் வேலையும் இலண்டனிலேயே மிகுதி. ஆனால் அத்தகைய குற்றங்களில் உயிர்ச்சேதம் நியூயார்க்கில் பன்மடங்கு. தீயோர் எண்ணிக்கை இரு நகரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கையில் இருக்கும் பொருள்தான் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு மாணவனின் இடையில் கத்தி இல்லாதிருந்தால் அவன் சினம் மூக்குடைந்ததோடு தீர்ந்திருக்கும். ஜப்பானில் ஹிதெயோஷி 1588ஆம் ஆண்டில் உழவரிடமிருந்து வாள்களைப் பறித்தார். 1876இல் சாமுராய்களும் வாளணியும் உரிமையை இழந்தனர்.

எல் சால்வடாரின் கதை இப்போது ஓரளவு விளங்கும். பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தபோது அந்நாட்டில் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் மாண்டிருந்தனர், ஆயுதங்கள் மலிந்திருந்தன, காவல்துறையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த வேளையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருக்களில் வளர்ந்த கும்பல்களின் உறுப்பினர்களை அமெரிக்கா நாடு கடத்தி அனுப்பியது. அரசு இல்லாத தெருவில் கும்பலே அரசாயிற்று, கடைக்காரரிடம் வரி தண்டியது, வழக்கும் தீர்த்தது. 2022 மார்ச் இறுதியில் மூன்றே நாளில் 87 பேர் கொல்லப்பட்ட பின், அதிபர் புக்கேலே நெருக்கடி நிலையை அறிவித்தார். எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறையிலடைக்கப்பட்டனர். 2024இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 1.9 என அரசு அறிவித்தது. தெருவில் நடமாடும் உரிமை திரும்பியதென மக்கள் மகிழ்ந்ததை நாம் ஏளனம் செய்யலாகாது. அவர்கள் பட்டது அவர்களுக்கே தெரியும். ஆயினும் குற்றமற்றோர் பலர் விசாரணையின்றிச் சிறையிலிருப்பதையும், காவலில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததையும் மனித உரிமை அமைப்புகள் பதிந்துள்ளன. முறைமன்றத்தின்மீது எழுந்த நம்பிக்கையால் குறைந்த விகிதம் நூற்றாண்டுகள் நிலைத்ததை ஐரோப்பாவில் கண்டோம். அச்சத்தால் குறைந்தது அவ்வாறு நிலைக்கும் என நான் எண்ணவில்லை.

இதுகாறும் பேசியவையெல்லாம் தெருவில், மதுக்கடையில், பேரவைத் திடலில் ஆடவர் ஆடவரைக் கொன்ற கதைகள். இது தற்செயலன்று. பின்லாந்து நாட்டுப் புள்ளியியலறிஞர் வேலி வெர்க்கோ 1951ஆம் ஆண்டில் ஒரு நுட்பமான செய்தியைக் கண்டு சொன்னார். கொலை மிகுந்த நாட்டில் கொலையுண்டோருள் பெண்களின் பங்கு சிறிது. கொலை குறைந்த நாட்டில் அப்பங்கு பெரிது. விகிதம் ஏறுவதும் இறங்குவதும் ஆடவர் சாவுகளால்தான். பெண்களின் சாவு அத்துணை அசைவதில்லை. தம் நாட்டில் கொலை மிகுந்தமைக்கு மதுவும் மக்கள் இயல்புமே காரணம் என்று வெர்க்கோ நம்பினார். அதை இன்று அப்படியே ஏற்பார் இல்லை. அவர் கண்ட கணக்கு மட்டும் நிற்கிறது. உலகம் முழுவதும் 2017இல் கொலையுண்ட ஏறத்தாழ 4,64,000 பேரில் ஐந்தில் நால்வர் ஆண்கள். பெண்கள் 87,000 பேர். அவர்களுள் 50,000 பேர் கணவனாலோ காதலனாலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டவர்கள். கொலை மிக அரிதான ஜப்பானிலோ கொலையுண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

காரணம் காண்பது கடினமன்று. தெருச்சண்டையை முறைமன்றத்திற்குக் கொண்டு வந்த அரசு வீட்டு வாயிலில் நெடுங்காலம் நின்றுவிட்டது. நின்றதோடன்றி, உள்ளே இருந்த வலியவன் பக்கமே சாய்ந்தது. இங்கிலாந்தில் 1351ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவன் மனைவியைக் கொன்றால் அது கொலை. மனைவி கணவனைக் கொன்றால் அது துரோகம், அரசத் துரோகத்தின் சிறிய வடிவம். அதற்கு எரித்துக் கொல்லுதலே தண்டனை. அது 1790ஆம் ஆண்டு வரை சட்டத்தில் இருந்தது. குடும்பத் தலைவன் வீட்டுக்கு அரசன் என்பது கோட்பாடு. தெருவில் ஆடவர்க்கு மறுக்கப்பட்ட அரசுரிமை வீட்டுக்குள் அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுச் சரிவு அவ்வாயிலுக்கு உள்ளே மெல்லவே இறங்கியதில் வியப்பில்லை.

இந்தியச் சட்டம் அந்த வாயிலைக் கடக்க முயன்ற ஆண்டு 1986. மணமான ஏழாண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறான வேறு வகையிலோ இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சணை கேட்டு அவள் துன்புறுத்தப்பட்டதும் மெய்ப்பிக்கப்பட்டால், கணவனோ அவன் உறவினரோ அச்சாவுக்குக் காரணம் எனக் கொள்ள வேண்டும் என்று 'வரதட்சணைச் சாவு' என்னும் தனிக் குற்றம் அவ்வாண்டில் சேர்க்கப்பட்டது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத் தொகுப்பிலும் அது தனிப் பிரிவாகவே தொடர்கிறது. சாட்சியில்லாத சமையலறைச் சாவுகளைக் கொலை என்று மெய்ப்பிக்க இயலாமையால்தான் இத்தனிப் பிரிவு தேவைப்பட்டது. கொலை வேறு, இது வேறு என்பதால் ஆவணக் காப்பகத்தின் அட்டவணையிலும் இதற்குத் தனிக் கட்டம். தற்கொலைக்குத் தள்ளப்பட்டோரும் கொல்லப்பட்டோரும் அக்கட்டத்தில் பிரித்தறிய இயலாதபடி சேர்ந்தே இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் அக்கட்டத்தில் பதிவான வழக்குகள் ஆறாயிரத்துக்கு மேல். லட்சத்துக்கு 2.1 எனக் கட்டுரையின் தொடக்கத்தில் குறித்த எண்ணில் அவர்கள் ஒருவரும் இல்லை.